புதுக் குதிரை

மூன்று முறை குதிரையை இழுத்து விட்டேன்,
மூன்று முறையும் டிக்.
கேப்பின் மேல் நகக்கீறல் போல ஒரு தடம்,
அவ்வளவுதான்.

பூம்பாறைப் பனியில் எல்லாமே நமத்துப் போகும்,
தீப்பெட்டி, அப்பளம், லைசென்ஸ் புத்தகத்தின் ஓரம்.
இது நமப்பு இல்லை, உள்ளே வில் தளர்ந்துவிட்டது என்றார்
திண்டுக்கல் சவரியப்பன்.
சந்து முழுக்க மாங்காய்ப் பூட்டு அடிக்கிறார்கள்,
இவர் ஒருவர்தான் துப்பாக்கிக்கு.
இதற்கும் பூட்டு என்றுதான் பேராம்:
குதிரை, வில், பல், நாலு திருகாணி,
உள்ளங்கையில் அடங்குகிற தகடு.

"பழசைச் சரிபண்ணலாம்,
எத்தனை நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க.
புதுசு மாட்டுனா நூத்துக்கு நூறு."
மூவாயிரத்து எண்ணூறு.
அறுப்புக்கு முன்னாலேயே தின்ற பூண்டுக் காசு.

ஸ்டேஷனில் ரைட்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நம்பர் குழலில்தான் இருக்கிறது, குதிரையில் இல்லை.
"அதே துப்பாக்கியாம்மா இது?"
போன வருஷம் கட்டையை மாற்றினேன்,
அதற்கு முந்தி கேப் காம்பை.
அதேதான் சார் என்றேன்.
கையெழுத்துப் போடும்போது
பேனா ஒரு நொடி நின்றது.

ஐப்பசி அமாவாசை.
கீழ்ப் பாத்தியில் உறுமல்.
வானத்தைப் பார்த்து விசையை அழுத்தினேன்.

நூற்றுக்கு நூறு.

மலை வாங்கி எதிர்மலைக்குக் கொடுத்தது.
நாய்கள். பக்கத்துத் தோட்டத்து மாடு
முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.
அரை மணியில் டார்ச்சோடு வாட்சர் இருவர்:
"என்னத்தச் சுட்டீங்க குழந்தையம்மா? எங்க போட்டிருக்கீங்க?"
சுடவில்லை, வெடித்தேன் என்றால் யார் நம்புவது.
விடியும்வரை பிணம் தேடினார்கள்.
பன்றி மிதித்தது அரைப் பாத்தி,
பூட்ஸ் மிதித்தது மூன்று.

மறுநாள் இரவு
துப்பாக்கி வீட்டில் பரணுக்குக் கீழே கிடந்தது.
மடியில் பழைய பூட்டு மட்டும்,
செய்தித்தாளில் சுற்றிச் சவரியப்பன் திருப்பித் தந்தது.

உறுமல் கேட்டது.
கட்டைவிரலால் குதிரையை ஏற்றி
நகத்தால் பல்லைத் தட்டினேன்.

டிக்.

இரண்டு வருஷமாய் அதற்குப் பழகிய காது.
மண் கிளறும் சத்தம் நின்றது.
நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.
பனிக்குள் அதுவும் நானும்,
யார் முதலில் அசைவது என்று.