டெண்டர் அவனிடம்

வீட்டை விற்றுப் பாதியாக்கினோம்.
நாய் தானாகவே அவனோடு போயிற்று.
எஞ்சினுக்கு வந்தபோதுதான்
வழக்கறிஞரின் பேனா நின்றது:
'பிரிக்க முடிந்த பொருளா இது?'
ஓர் ஊசியைக் கழற்றினால் பிரியும் என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டார்.

கொதிகலனும் நெருப்பறையும் எனக்கு.
தண்ணீரும் கரியும் சுமக்கும் டெண்டர் ஹென்னிங்குக்கு.
ஏழு குளிர்காலம் கராஜில் குனிந்து
வெள்ளிப் பற்றாசு வைத்த செம்புக்கு
ஓல்டன்பர்க் நீதிமன்றத்தில் ஒரு வரி.

ஆகவே ஞாயிறுதோறும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை,
மன்றத்தின் ஐந்து அங்குலத் தண்டவாளத்தருகே
இரண்டு கார்கள் இரண்டு பாதிகளை இறக்குகின்றன.
ஊசியை என் ஏப்ரன் பையிலிருந்து எடுப்பேன்.
பட்டியலில் அது இல்லை. அவன் கேட்டதும் இல்லை.
தண்ணீர்க் குழாயைத் திருகி இணைப்போம்.
வணக்கம் சொல்லிக்கொள்வது அதற்கப்புறம்.

பற்றவைப்பது என் வேலை.
மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரி,
புகைபோக்கியின் தலையில் சின்ன மின்விசிறி,
பிறகு நிலக்கரி, கொட்டைப்பாக்கு அளவில், கை கையாக.
இருபது நிமிடம் முள் அசையாது.
அதற்குள் எண்ணெய்க் குடுவையோடு சுற்றி வருவேன்:
இணைதண்டு, குறுக்குத்தலை, அச்சுப்பெட்டி,
ஒரு மூட்டையும் விடாமல்.
ஆறு பார் அழுத்தம். வால்வு சீறும்.
ஓட்டுநர் இருக்கை டெண்டரின் மேல்.
சட்டப்படி நான் அவன் சொத்தின் மீது
உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன். மழை பெய்யாத மூன்றாவது வாரம்.
பின்னால் பதினோரு குழந்தைகள், ஒரு பாதிரியார்.
பிர்ச் மரங்களுக்குள் வளையும் ஏற்றத்தில்
கண்ணாடிக் குழாயில் நீர் பாதிக்குக் கீழே.
இன்ஜெக்டரைத் திறந்தேன், முதலில் தண்ணீர், பிறகு நீராவி.
பாட வேண்டியது, துப்பியது.
மூடித் திறந்தேன். துப்பியது.
வண்டியை நிறுத்தி ஈரத்துணி சுற்றினேன். துப்பியது.
நீர் நகக்கண் அளவுக்கு இறங்கிவிட்டது.
அதற்குக் கீழே செம்புத்தகடு.
தகட்டுக்குக் கீழே நெருப்பு.

கைப்பம்பு இருப்பது டெண்டரில்.
கடைசிப் பெட்டியிலிருந்து கொடியோடு ஓடிவந்து
ஹென்னிங் அதன் பிடியை ஆட்டினான்.
பிடி லேசாகப் போய் லேசாக வந்தது,
எதையும் தள்ளாமல்.
என் முகத்தைப் பார்த்தான்.
தலையசைக்கக்கூட இல்லை நான்.
சாம்பல் தட்டின் ஊசியை இழுத்தேன்.
மொத்த நெருப்பும் தண்டவாளத்தின் நடுவே
சிவப்பாகக் கொட்டியது.
குழந்தைகள் கைதட்டினார்கள்.

'குழாய்த் தண்ணீரா ஊற்றினாய்?'
'மழைப்பீப்பாய் காலி.'
பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில்
இத்தனை சுருக்கமாக நாங்கள் சண்டை போட்டதில்லை.

பாதிரியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.
எல்லோருமாகத் தள்ளினோம் நிலையம் வரை.

மாலையில் காப்பிக் கோப்பையில் வினிகர்.
கழற்றிய இன்ஜெக்டர் அதில் குமிழ் விட்டது.
உள்ளே கூம்பின் தொண்டையில்
உப்புக்கல்லில் பாதிகூட இல்லாத சுண்ணாம்புச் செதில்.
நகநுனியில் ஏந்திக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தவன்
ஊதிவிட்டான்.

புகைக்குழாய்களில் தூரிகை விட்டேன்.
புகையறைச் சாம்பலை வாரினேன்.
மிச்ச நீராவியைத் திறந்துவிட,
பிர்ச் மரங்கள் கொஞ்ச நேரம் காணாமல் போயின.
அடுத்த மாதம் ஆய்வாளர் வருவார், சிவப்புப் பென்சிலோடு:
பன்னிரண்டு பாரில் பச்சைத் தண்ணீர்ச் சோதனை,
அரைமணி நேரம், ஒரு கசிவும் கூடாது.
கொதிகலனுக்கு மட்டும்தான்.
டெண்டருக்குச் சோதனை கிடையாதாம்.

அவன் தன் பாதியைக் காரில் ஏற்றினான்.
முன்சீட்டில் நாய், என்னைப் பார்க்காமல்.
நான் ஊசியைத் துடைத்துப் பையில் போட்டேன்.

ஒன்பது மணிக்கு என் சன்னலில் மழை.
'பீப்பாய் மூடியைத் திறந்து வை' என்று அனுப்பினேன்.
'எப்போதோ திறந்தாச்சு' என்று வந்தது.