பிரேக்கில் காற்று

ஏழு குளிர்காலம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.
ஆம்பிளில் கடல் தெருக்கோடியிலேயே இருக்கிறது,
உப்புக்காற்றுக்குத் தாழ்ப்பாள் எல்லாம் ஒரு பொருட்டில்லை.
பக்கத்து வீட்டு கத்பர்ட் ஹெஸ்லப்
நகராட்சிக்கு எழுதிய கடிதத்தில்
அதைக் குப்பை என்று குறிப்பிட்டிருந்தார்.
கிழிந்த தார்ப்பாய் இரவெல்லாம் படபடக்கிறதாம்.
நகல் ஒன்று எனக்கும் வந்தது.
ஸ்பானர் அளவுகளை அதன் முதுகில்தான் எழுதிவைத்தேன்.

அறுபத்தாறாம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.
மூக்கும் கண்ணும் சேர்ந்தே
முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்து திறக்கும்.
முன் டயரின் மேல் உட்கார்ந்து
மடியில் வைத்த பாத்திரம்போல் இஞ்சினைத் துலக்கலாம்.

நான் இருபத்தாறு வருடம்
பல் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்றவள்.
சொத்தை எங்கே ஒளியும் என்று கைக்குத் தெரியும்.
கதவுக்கடியில் கொக்கியால் தொட்டேன்,
தொட்ட இடம் பொலபொலவென்று கொட்டியது.
மேலே பச்சைப் பெயின்ட் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.
நல்ல தகடு தட்டுப்படும் வரை வெட்டினேன்.
வெட்டி முடித்தபோது
உள்ளே கை போய் வெளியே வந்தது.

மின்சாரம் இதில் தலைகீழ்.
ஊரெல்லாம் எதிர்முனையை உடம்போடு கட்டும்,
இது நேர்முனையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டிய அன்று
புகை கிளம்பி வேலி தாண்டியது.
கத்பர்ட் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.
சத்தமாகத்தான் சாத்தினார்.

பெயின்ட், வயர், கார்புரேட்டர்
எல்லாம் முடிந்த பிறகும்
பிரேக்கில் காற்று.
மிதித்தால் டீயில் ஊறிய பிஸ்கெட்.
தனியாளுக்கென்றே ஒரு கருவி விற்கிறார்கள்.
மூன்று முறை முயன்றேன்,
மூன்று முறையும் எண்ணெய் என் சட்டைக்கைக்குள் போனது.
இந்த வேலைக்குக்
கை ஒருவருடையது, கால் இன்னொருவருடையது.
தங்கை டர்ஹமில். நவம்பர், நாலு மணிக்கே இருட்டு.
தெருவில் எரிந்தது ஒரே ஒரு சமையலறை விளக்கு.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர்.
"ஒரு கால் வேண்டும்" என்றேன்.
"எந்தக் கால்?" என்றார்.
செருப்பைக் கழற்றி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

பின்னால் இடது சக்கரத்தடியில் நான்,
உள்ளே ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர்.
முகம் தெரியாது. குரல் மட்டும்.

அழுத்துங்கள்.
அழுத்தியாச்சு.
பிடியுங்கள்.
பிடிச்சிருக்கேன்.
விடுங்கள்.

ஜாம் பாட்டிலுக்குள்
குமிழி குமிழியாய் வந்து உடைந்தது காற்று.
ஏழு வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் கூட்டினாலும்
ஒரு சக்கரத்துக்குக் காணாது.

ஒருமுறை நான் சொல்வதற்கு முன்பே
காலை எடுத்துவிட்டார்.
வெளியே வந்த காற்று அப்படியே திரும்பிப் போனது.
நான் வாயைத் திறக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
"முதலில் இருந்து" என்றார் அவரே.

நாலாவது சக்கரத்தில் மிதி கல்லாய் நின்றது.
இன்னொரு முறை மிதித்தார், இன்னொரு முறை,
தேவையே இல்லாமல்.
"இனி நிற்கும்."

கடிதம் ஸ்டூலின் மேல் விரித்தபடி கிடந்தது,
என் கிறுக்கல் மேலே, அவர் கையெழுத்து அடியில்.
எடுத்துப் படித்தார். எனக்கு வியர்த்தது.
"ஹேண்ட்பிரேக் நட்டுக்குப் பதினாறில் ஏழு சேராது,
அரை அங்குலம் எடுங்கள்."
தாளைத் திருப்பாமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார்.
அரை அங்குலம்தான் சேர்ந்தது.

ஞாயிறு வார்க்வர்த் பாலம்வரை ஓட்டினேன்.
காற்று காதைப் பிய்த்தது.
ஆடு ஒன்று குறுக்கே வந்தது.
நின்றது. வண்டி, ஆடு, நான், எல்லாமே.
திரும்பும்போது அவர் வாசலில்தான் நிறுத்த இடம் கிடைத்தது.
காலையில் பார்த்தால்
கழுவிவைத்த நடைபாதைக் கல்லில்
மூன்று சொட்டு எண்ணெய்.

இன்று வியாழன்.
நகராட்சியிலிருந்து ஒன்றும் வரவில்லை.
கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்,
அளவு எழுத ஒரு தாள்கூட இல்லை.