இதர

தக்கலை ஏஜென்சியில்
கேஸ் இணைப்பை ஒப்படைக்கும் படிவத்தில்
காரணத்துக்கு நான்கு கட்டங்கள்.
ஊர் மாற்றம். மரணம்.
இன்னொரு இணைப்போடு சேர்த்தல். இதர.

"வீட்டுல ஆராவது மரிச்சாச்சா?"
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள் கவுண்டர்க்காரி.
இல்லை.
"அப்போ ஊரு மாறுதியளா?"
இல்லை, அடுப்புதான் மாறியிருக்கு.
ரெகுலேட்டரைச் செய்தித்தாளில் சுற்றிக்
கொண்டுபோயிருந்தேன்.

முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்
ஓட்டை ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தோடு
அடுக்களைக்குள் நுழைந்தார் ஸ்டெல்லஸ்.
ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தார்.
தோசைக்கல்லில் டப்பென்று ஒட்டியது.
குக்கரில் கொஞ்சம் யோசித்து ஒட்டியது.
கல்யாணத்துக்கு அண்ணன் தந்த
அலுமினியக் கலத்தில் வழுக்கி
என் கால்விரலில் விழுந்தது.
மீன்கறி வைக்கும் மண்சட்டிக்கு
காந்தத்தை அவர் நீட்டவே இல்லை.
என் முகத்தைப் பார்த்தார்.

பழைய வயர் தாங்காது என்று
சுவரை மேலிருந்து கீழே கீறினான் வயர்மேன் அஜின்.
பூசிய சிமென்டுக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

தீ இல்லாமல் பால் பொங்கியது முதல் நாள்.
குனிந்து பார்த்தேன், பழக்கம்.
நீலமாய் ஒன்றும் இல்லை.
சிவப்பில் ஒரு எண்.
மரச்சீனிக்கு எத்தனை, கடுகுக்கு எத்தனை என்று
காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்,
பள்ளிப்பிள்ளை மாதிரி.

ஆனியில் ஆரல்வாய்மொழி தாண்டிப் பஸ்ஸில் போகும்போது
காற்றாலைகள் சுழல்வதைப் பார்ப்பேன்.
நமக்கும் சேர்த்துத்தான் என்று இப்போது ஒரு நினைப்பு.
அன்று ராத்திரியே
அந்தக் காற்று தென்னமட்டையைத் தூக்கி லைனில் போட
பாதி வெந்த மரச்சீனி முன்னால்
இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம்.
ஸ்டெல்லஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பழம் தின்றார்.

"இதரன்னு போட்டா காரணம் எழுதணும் கேட்டியளா."

இருபத்திரண்டு வருஷம்
வீட்டில் எல்லா அறையிலும் ஃபேன்,
அடுக்களையில் மட்டும் இல்லை.
காற்றுக்கு அடுப்பு அணைந்துவிடும்.
முதுகு நனைய நின்று பொரித்த மீனையெல்லாம்
யார் கணக்கு வைத்தார்கள்?

எழுதினேன்:
ஃபேன் போடணும்.

அவள் வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.
வைப்புத்தொகையை எண்ணித் தந்துவிட்டு
வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காமல்
முன்னால் சாய்ந்தாள்.
"மண்சட்டி?"

ஸ்டீல் சட்டியிலயும் நல்லாத்தான் வருது, என்றேன்.

பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.
முத்திரையைக் குத்தினாள்.