நிலம் தோயாத குதிகால்

ஆணியை நிறுத்து விற்கிறவள் நான்.
அரைக் கிலோவில் எத்தனை நிற்கும்,
திருகோணமலை உப்புக் காற்றுக்கு
எது முதலில் துருப்பிடிக்கும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.
அப்படிப்பட்டவளின் செருப்பைத் துளைத்து
ஓர் இரண்டங்குல ஆணி
வெள்ளிக்கிழமை முழுக்க என்னோடு நடந்திருக்கிறது.
கடையில் இருந்து மீன் சந்தை,
சந்தையில் இருந்து பஸ்,
பஸ்சில் இருந்து வீடு.
எனக்குத் தெரியவில்லை.
சீனி வருத்தம் பாதத்துக்குள் போய்
விளக்கை எப்போதோ அணைத்துவிட்டிருந்தது.
தரையில் பொட்டுப் பொட்டாய்ச் சிவப்பைக் கண்டு
குகபாலன்தான் கேட்டார்:
"பீட்ரூட் ஏதும் கொட்டினியா?"

நாலு மாதம். இரண்டு தரம் வெட்டித் துப்புரவாக்கினார்கள்.
பிறகு பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில்
லசந்தி மிஸ் இதைக் கொண்டுவந்தா.
வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே ஆட்டு ரோமம் மாதிரி மெத்தை,
மூன்று ஒட்டுப்பட்டி, அடியில் ரப்பர்.
கணுக்காலை அசையாமல் பிடிக்கும்.
குதிகாலுக்கு மட்டும் ஒரு பள்ளம்,
பள்ளத்தில் வெறும் காற்று.
புண் எதையும் தொடக்கூடாதாம்.
தொட்டாலும் தெரியாத கால்
இனித் தொடாமல் நடக்கப் பழகவேண்டும்.

"ஹெமின், அம்மா, ஹெமின்" என்றா.
அவவுக்கும் எனக்கும் பொதுவில்
அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

தேவர்களுக்குக் கண் இமைக்காதாம்,
சூடிய பூ வாடாதாம்,
கால் நிலம் தோயாதாம்.
என் கண் இமைக்கிறது.
பூ பத்து மணிக்கே வாடிவிடுகிறது.
ஒரு குதிகால் அளவுக்குத் தேவதை,
மிச்சமெல்லாம் இரும்புக்கடைக் காசாளர்.

காலுறையில் ஒரு சுருக்கம் போதும், அது புண்ணாகும்.
பட்டியை இறுக்கின பிறகும் ஒரு விரல் நுழையவேண்டும்.
மற்றக் காலுக்கும் அரை அங்குலம் உயர்த்தின சப்பாத்து,
இல்லாவிட்டால் இடுப்பு கணக்குக் கேட்கும்.
படி ஏற நல்ல கால் முன்னுக்கு,
இறங்கக் கெட்ட கால் முன்னுக்கு என்று
தாளில் அச்சடித்துத் தந்தார்கள்.
"கெட்ட" என்பதை வெட்டி "வலது" என்று எழுதினேன்.
பாவம், அது என்ன செய்தது.

குகபாலன் முகம் வழிக்கிற கண்ணாடியை
இரவில் நான் எடுத்துக்கொள்வேன்.
ஐம்பத்தொரு வருடம் என்னைச் சுமந்ததை
இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறேன்.
சிவந்திருக்கிறதா?
சிவப்பு அரை மணியில் போகிறதா?
போனால் நாளைக்கும் நடக்கலாம்.

நேற்று மழை. கோட்டை வாசலடியில் கரண்டும் போயிற்று.
ஈரத் தாரில் இந்த ரப்பரை நான் நம்புவதில்லை.
பொல்லை ஊன்றி, குறுகின அடி வைத்து,
ஹெமின், ஹெமின்.
நடு றோட்டில் மான்கள் படுத்திருந்தன,
தங்கள் பேரில் காணி உறுதி இருக்கிற மாதிரி.
கலைமான் ஒன்று எழுந்து
ஒரு குளம்பைத் தூக்கி, வைக்காமல்,
என் காலைப் பார்த்தது.
நானும் வைக்காமல் நின்றேன்.
பின்னால் ஓர் ஓட்டோ ஹோன் அடித்தது,
எங்கள் இருவருக்குமாக.

கடை பூட்டுகிற நேரம் இஃப்ராஸ்
பழைய ஒலிபெருக்கியில் கழற்றின காந்தத்தைக்
கயிற்றில் கட்டி
மூலை மூலையாய் இழுக்கிறான்.
யாரும் சொல்லவில்லை, அவனாகவே தொடங்கினது.
வாயில் பாட்டு, கண் போனில்.
ஆனால் என் மேசையில் இருந்து வாசல் வரைக்கும்
இரண்டு தரம்.

"இண்டைக்குப் பதினேழு, அக்கா."

தராசுத் தட்டில் கொட்டுகிறான்.
நிறுத்துப் பார்த்துப்
பெட்டிக்குள் திருப்பிப் போடுகிறேன்.
ஒன்று வளைந்திருக்கிறது.
அதை மட்டும் தனியே வைக்கிறேன்,
எதற்கென்று இன்னும் யோசிக்கவில்லை.