பதினேழாம் கட்டுத்துறை

மார்ச். ஓலெசுண்டில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
மூன்று பத்துக்கு, துறைமுக வாடகை நிரல்
செத்து விழுந்ததென்று கைப்பேசி அலற
ராங்ஃப்ரீட் ட்வைட்டெ எழுகிறாள்.
ஒற்றைக் கம்பளிக் காலுறைதான் அகப்பட்டது.

பிழை பதினேழாம் கட்டுத்துறையில்.
அங்கு நின்ற படகு சனவரியிலேயே விலைபோய்
ஷெட்லாந்து சேர்ந்துவிட்டது.
துறை இருக்கிறது.
கயிறு மாட்டும் இரும்பு வளையம் இருக்கிறது.
சுட்டும் விரல் நீட்டியபடி இருக்கிறது;
சுட்டப்படுவதுதான் இல்லை.
அவ்விடத்துக்கு மொழி வைத்த பெயர் நில்.
தமிழ்க் காதுக்கு அது ஏவல்.
அங்கே யார் கேட்கிறார்கள்?

கோ மொழியில்
இல்லாத படகையும் கூப்பிடலாம்.
உன் நீளம் என்ன என்றால்
மெத்தட் மறுபேச்சின்றிக் கிளம்பும்.
வாசலில் தடை இல்லை:
படகு என்ற குலப்பெயர் போதும்,
உடல் வேண்டியதில்லை.
உள்ளே வந்து, முதல் வரி கடந்து,
அளவுநாடாவை விரித்து
மரத்தில் வைக்கக் குனியும்போதுதான்
கை தண்ணீருக்குள் போகிறது.
அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

(படகையே நகலெடுத்துக் கொண்டுவா என்கிற மெத்தட்
இவ்வளவு தூரம்கூட வராது.
எதை நகலெடுக்க?)

அவள் மேலே இரண்டு வரி சேர்க்கிறாள்.
நான் இருக்கிறேனா?
இல்லையென்றால் பூச்சியம், திரும்பிப் போ.
தன்னைப் பற்றி முதலில் இதைக் கேட்பது
எந்திரத்துக்கு ஒன்றும் சிரமமில்லை.

தொலைபேசியில் தூர்கிரிம், தூக்கக் குரலில்:
"காலியா என்று நான்தான் முன்னாலேயே பார்க்கிறேனே.
காலியென்றால் அடுத்த துறைக்குப் போ
என்றுதானே எழுதினேன்?"

நீ பார்த்தது உறையை, என்கிறாள்.
மேலே படகு என்று ஒட்டியிருக்கிறது.
உள்ளே ஒன்றுமில்லை.
காலியா என்றால் உறை சொல்லும்: இல்லை,
என் மேல் பெயர் இருக்கிறதே.

அவன் வெகுநேரம் பேசவில்லை.
தூங்கிவிட்டானோ என்னவோ.

நிரல் மீண்டும் ஓடுகிறது. பதினாறு, பதினேழு,
பதினெட்டு. அலறல் இல்லை.
உறையை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மணிக்கு அலுவலக அச்சுப்பொறி
யாருமற்ற அறையில் துப்புகிறது:
துறை பதினேழு. நீளம் பூச்சியம் மீட்டர்.
செலுத்த வேண்டியது பூச்சியம் குரோனர்.
கெடு ஏப்ரல் பதினைந்து.
தவறினால் வட்டி உண்டு.

வளையத்தில் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து
எழுந்து போகிறது.