பத்துவரை எண்ணு, ஹானுஸ்

செவ்வாய் அதிகாலை மூன்று பதினேழுக்கு
என் வீடு உறைந்துபோயிருந்தது.
திரையில் எண்ணெய்த் தொட்டி,
பாதி எழும்பிய துணிக்கயிறு,
விழ மறந்த ஒரு மழைத்துளி.
நான் பார்த்தது வெள்ளிக்கிழமை.

கிரீன்லாந்துக்குக் கிழக்கே, மீன்பிடிக் கப்பலில்,
இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிறேன்.
உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில்
மாவுக் கையோடு கதவைத் தட்டினேன்:
பிங்.
பதில் இல்லை.
பிங்.
கப்பலின் இணைப்பு நத்தைக்குத் தங்கை.
அடிக்கும் எழுத்து வானத்துக்குப் போய்
யோசித்துவிட்டுத்தான் திரையில் விழும்.
பிங்.

அந்தக் கேமரா என் கைவேலை.
மார்கரின் டப்பா, பழைய போனின் கண்,
மூலைகளில் சூட்டுப் பசை,
குளிருக்கு என் கம்பளிக் காலுறை ஒன்று.
சர்வர் என்பது திரை நொறுங்கிய மடிக்கணினி;
செருப்பு அலமாரியில், பூட்ஸுக்குப் பின்னால்,
முனகிக்கொண்டே கிடக்கும்.
எதற்கு இவ்வளவு என்றால்
போன குளிர்காலம் தொட்டியில் எண்ணெய்
கணக்குக்கு மீறிக் குறைந்தது.
சாண்டோய் தீவில் எங்கள் வளைவில் இரண்டே வீடு.
மற்றது ஹானுஸுடையது.

தங்கை சுன்வா "புயல் ஓயட்டும்" என்றாள்.
அதற்குள் தொட்டி காலியானால் குழாய்கள் வெடிக்கும்.
யாரைப் பார்க்க அந்தக் கண்ணை வைத்தேனோ
அவனையே அதைத் திறந்துவிடச் சொல்லவேண்டும்.

மூன்றாவது மணியில் எடுத்தான்.
சொல்லி முடித்தேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"அது எதைப் பார்க்குதுன்னு எனக்குத் தெரியும், பில்ஹில்ட்."
பிறகு, "சாவி எங்கே?"

"கதவைத் திற. விளக்கு எரியுதா?"
"எரியுது."
"பச்சையா, மஞ்சளா?"
"நீலம்."
நீலத்தில் எதுவுமே இல்லை அந்த அலமாரியில்.
பத்து நிமிடம் கழித்துத்தான் விளங்கியது,
உறைபெட்டியைத் திறந்துவைத்து நிற்கிறான்.
"ஆட்டுக்கறி கெடலை" என்று உபரித் தகவல் வேறு.

"பக்கத்துக் கதவு. கறுப்பு வயர். பிடுங்கு.
பத்துவரை எண்ணு, ஹானுஸ். அப்புறம் சொருகு."
சத்தமாக எண்ணினான்.
ஏழில் நின்று இருமினான்,
மறுபடி ஒன்றிலிருந்து.
திருடாதவன்தான் இப்படி எண்ணுவான் என்று நினைத்தேன்.
உடனே, திருடனுக்கும் இருமல் வரும் என்றும்.

எழுந்ததும் புது முகவரியை எனக்கு எழுதிப்போடு என்று
மடிக்கணினிக்குச் சொல்லிவைத்திருந்தேன்.
வீடு இருந்த இடத்தில்தான் இருக்கும்;
மின்சாரம் போய்வந்தால்
முகவரி மட்டும் குடிபெயரும்.
கடிதம் வந்தது. நான்கு எண்கள்.
உள்ளே போனேன்.

வட்டு நூறு விழுக்காடு நிரம்பியிருந்தது.
பதினோராயிரத்துச் சொச்சம் துண்டுகள்.
அசைந்தால் பதிவுசெய் என்றிருந்தேன்;
கயிறு அசைந்திருக்கிறது, குளிர்காலம் முழுக்க.
வேலியை உரசும் ஆடு, பனி,
பனி, கயிறு.
நடுவில் எங்கோ ஓர் இரவில்
கையில் குழாயோடு ஒருவன் இருக்கலாம்.
ஒரு துண்டு இறங்க நாற்பது நிமிடம்.
மொத்தத்தையும் அழிக்க ஒரே வரி.

"ஆச்சா?" என்றான் ஹானுஸ்,
என் பூட்ஸுகளின் நடுவே மூச்சு வாங்கியபடி.
"கண்ணாடியில உப்பு படிஞ்சிருக்கும். வெளியே போய்த் துடைச்சு விடறேன்."

அந்த ஒரே வரியை அடித்தேன்.
எழுத்துகள் ஒவ்வொன்றாய் வந்து நின்றன,
மனம் மாற அவகாசம் தருவதுபோல்.
அனுப்பினேன்.

படம் பட்டை பட்டையாய் இறங்கியது.
முதலில் ஒரு மூக்கு.
அப்புறம் கைநுனி துடைக்கிறது,
அழுத்தித் துடைக்கிறது, டப்பா திரும்பும்வரை.
அவன் விலகியபோது தொட்டியைக் காணோம்.
புல் முளைத்த ஒரு கூரை, அதன் கீழே
அவன் சமையலறை ஜன்னல்.

"தெரியுதா?"
"தெரியுது."

கரைக்கு இன்னும் பதினொரு நாள்.
காலை ஐந்துக்கு விளக்குப் போடுகிறான்.
கெட்டிலை வைத்துவிட்டு மறந்து நிற்கிறான்.
ஞாயிறுதோறும் தொட்டியைத் தட்டிப்பார்த்து
அளவு சொல்கிறான்.
நம்புகிறேன், பாதி நாள்.
டப்பாவைத் திருப்பச் சொல்ல
இன்னும் வாய் வரவில்லை.