புள்ளி

பள்ளத்தூரில் ஒரு வீட்டின் மூன்றாம் கட்டு, பழைய நெல் அறை.
ரெண்டு கேமரா, ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு வெள்ளை விளக்கு, நான்.
நாளைக்கு எழுநூறு பக்கம்.
பக்கத்துக்கு நாற்பது காசு.

புத்தகத்தைத் திறக்குமுன் படிவம்:
தலைப்பு, அச்சகம், ஆண்டு, பக்கம்,
ஆசிரியர் மறைந்த ஆண்டு.
கடைசிக் கட்டம் காலியாக இருந்தால்
திரை சிவக்கும், அடுத்ததற்கு விடாது.
சட்டத்துக்கு எழுதியவர் செத்திருக்க வேண்டும்.
செத்த வருடம் போய், அடுத்த ஜனவரி ஒன்றில் எண்ணத் தொடங்கி
அறுபது வருடம்.
அப்புறம்தான் ஊருக்குக் காட்டலாம்.

மோல்மேன் மழைக் குறிப்பு.
ரங்கூன் அச்சு, 1938, எழுபத்து நாலு பக்கம்.
வட்டிக்கடை அடுத்தாள் ஒருவர்
தினம் பெய்ததை நாலு வரிக்குள் எழுதியிருக்கிறார்.
எத்தனை அங்குலம் என்றில்லை;
எந்தக் கூரை, யார் செருப்பு,
எந்தக் கடன்காரர் அதைச் சாக்காக வைத்து வரவில்லை.
அட்டையில் வி.பெ. சாத்தையா.

விலாசத்தைப் பிடித்துக்கொண்டு போனேன்.
காரைக்குடி, கழனிவாசல் பக்கம், மோர்பி டைல்ஸ் விற்கும் கடை.
வயிரவன் கல்குலேட்டரை விட்டுத் தலை நிமிர்ந்தார்.
"எங்க ஐயாவோட அண்ணன். நாப்பத்திரெண்டுல
சப்பான்காரன் குண்டு போட்டப்ப எல்லாரும் நடந்தே வந்தாக.
அவுக வரல."
எப்போது இறந்தார்?
"வரலன்னுதானே சொன்னேன்."
திவசம்?
"வச்சதில்ல. அவுக வீட்டு ஆச்சி தாலியோடயே போயிட்டாக.
நீங்க பாட்டுக்கு ஒரு வருசத்தப் போட்டா
அந்தத் தாலிக்கு என்ன கணக்கு?"

சரி, உயிரோடு இருக்கிறார் என்றே வைத்தால்
அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.
வயது நூற்றுப் பதினாறு. முகவரி மழை.
இல்லை, எப்போதோ போய்விட்டார் என்றால் வாரிசுகள்.
வாரிசு என்றால் இங்கே புள்ளி.
கல்யாணமான ஒவ்வொரு குடித்தனமும் ஒரு புள்ளி.
அந்த வீட்டுக்கு முப்பத்தேழு:
கோலாலம்பூர், அடையாறு, டல்லாஸ்.
ஒரு புள்ளி இன்னொரு புள்ளியோடு பேசிப் பன்னிரண்டு வருடம்,
பெட்டகசாலைச் சாவி யாரிடம் என்பதில்.

கம்ப்யூட்டருக்கும் புள்ளிதான் தகராறு.
தேய்ந்த ஈய எழுத்து, மங்கிய மை;
எழுத்தாக்கச் சொன்னால்
தலைப்புள்ளிகளைத் தின்றுவிடும்.
'இன்று பல் வலி, மழையும்' என்று அவர் எழுதியதை
'இன்று பல வலி' என்று வாசித்தது.
திருத்த மனம் வரவில்லை.
திருத்தினேன்.

சென்னையிலிருந்து மேலாளர் சொன்னார்:
தெரியாவிட்டால் 9999 போடுங்கம்மா, விட்டுவிடும்.
போட்டேன். விட்டது.
பத்தாயிரத்து அறுபதாம் ஆண்டு ஜனவரி ஒன்று காலையில்
சாத்தையாவின் மழையை யாரும் பார்க்கலாம்.
அதுவரை எங்கோ ஒரு குளிர்ந்த அறையில்
பூட்டிய வட்டுக்குள் பெய்துகொண்டிருக்கும்.

ராத்திரி பத்தரைக்கு வயிரவன் போன்.
"அந்தப் பொஸ்தகத்துல ஆச்சியப் பத்தி ஏதும் இருக்கா?"
சொல்லக் கூடாது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.
"ஒரு பக்கமாச்சும் போட்டோ அனுப்புவீகளா?"

எழுபத்து நாலை முப்பத்தேழால் வகுத்தேன்.
புள்ளிக்கு ரெண்டு பக்கம், மிச்சமில்லை.
சட்டத்தில் அப்படி ஒரு வகுத்தல் கிடையாது, தெரியும்.
சாகாதவருக்கு வாரிசும் கிடையாது, அதுவும் தெரியும்.

எந்த ரெண்டு?
ஆச்சி பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.
பல் வலிப் பக்கத்தை எடுத்தேன்.
அப்புறம் அறுபத்தொன்று.
மேலே ஒற்றை வரி, கீழெல்லாம் வெறும் தாள்:
'இன்று இல்லை. ஊரில் பெய்ததா என்று கேட்டு எழுதவேண்டும்.'

நீலக் கோடு ரெண்டும் விழுந்தன.
வெகுநேரம் 'டைப்பிங்' என்று காட்டி, நின்று,
மறுபடி காட்டி,
பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தது:
"இங்கயும் பெய்யல."